வாசலுக்கே வரும் கராஜ்: பழைய கார் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காரைப் பற்றியவை அல்ல, காரைத் திருத்தப் போகிறவர்களைப் பற்றியவை. ரிட்டயர் ஆன மெக்கானிக்மார் இத்தனை பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. சரி, எல்லாவற்றிலும் நீளமான கடிதத்தில் இருந்தே தொடங்குவோம்.

கேள்வி (தெகிவளை வாசகர்): எனக்கு 61 வயது. ஒரு பெரிய வாகனக் கம்பனியின் வேர்க்‌ஷொப்பில் வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஈ.பி.எப். காசும் வந்துவிட்டது. இளம் வயதில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், வொக்ஸ்வாகன் எல்லாம் கழற்றிப் பூட்டியவன். கராஜ் போட இடமில்லை, வாடகை கட்டவும் விருப்பமில்லை. ஒரு வேனில் சாமானை ஏற்றிக்கொண்டு வீடுகளுக்குப் போய்ப் பழைய கார் மட்டும் திருத்தலாம் என்று யோசிக்கிறேன். மகன் "பேசாமல் வீட்டில் இருங்கோ அப்பா" என்கிறான். செய்யலாமா?

பதில்: செய்யலாம். மகன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வீட்டு வாசலில் வைத்துத் திருத்தப் பழைய கார் போல வசதியானது வேறில்லை. இன்றைய ஹைப்ரிட்டில் ஒரு விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வேண்டும், அதற்கு லைசன்ஸ் வேண்டும், சில வேளை அந்தக் கம்பனிக்கே போக வேண்டும். ஒரு மொரிஸ் மைனர் 1000க்கு ஃபீலர் கேஜும் ஸ்க்ரூட்ரைவரும் இரண்டு மூன்று ஸ்பாணரும் ஒரு டெஸ்ட் லைட்டும் போதும், முக்கால்வாசி வருத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பொயின்ட் இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தவ், வால்வின் டப்பெட் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தவ், இதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்திலும் வரும். இன்று கராஜில் நிற்கும் 25 வயதுத் தம்பிக்கு வராது. அவரில் பிழை இல்லை, ஸ்கேனர் செருக இடமே இல்லாத காரை அவருக்கு யார் காட்டினார்கள்?

தேவையும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் பெற்றோல் கியூ, கியூ.ஆர். கோட், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஒரு காலம். அப்போது மூடிப் போட்ட பழைய கார்கள் பல இன்னும் தார்ப்பாயின் கீழேதான் நிற்கின்றன. வைத்திருப்பவருக்கு அதை கராஜுக்குக் கொண்டுபோக வழியில்லை, ஓடாத காரை எப்படிக் கொண்டுபோவது? கராஜ்தான் அதனிடம் வரவேண்டும்.

இனிக் கவனமாக வாசியுங்கள், இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் இதில்தான். எந்த வேலை செய்வீர்கள் என்பதைவிட எந்த வேலை செய்யமாட்டீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டியூனிங், காபரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்டர், வயரிங் சில்லறை வேலை, பிரேக் சிலிண்டர், ஹோஸ், தண்ணீர் பம்ப், கிரீஸ் அடிப்பது, ஒயில் மாற்றுவது, மிஞ்சினால் ஹெட் கஸ்கட். இவ்வளவும் வாசலில் செய்யலாம். எஞ்சின் இறக்குவது, கியர்பொக்ஸ், டிங்கரிங், வெல்டிங், பெயின்ட் எல்லாம் கராஜ் வேலை, அதைத் தொடவே வேண்டாம். வொக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினைப் பிடித்திருப்பது நான்கே நான்கு போல்ட், அரை மணித்தியாலத்தில் இறக்கிவிடலாம் என்று உங்கள் கையே சொல்லும். இறக்கலாம்தான். ஆனால் அது நூறு கிலோ அளவு வரும், கீழே சாய்வான சீமெந்துத் தரை, உதவிக்கு நிற்பது வீட்டுக்காரரும் அவரது டிரைவரும், உங்கள் முதுகுக்கோ 61 வயது. இறக்கிய பிறகு கிராங்கில் தேய்வு கண்டால் லேத் வேலைக்குப் போகும், மூன்று கிழமை ஒருவர் வீட்டு வாசலில் திறந்த எஞ்சின் கிடக்கும், மழை பெய்யும், அந்த வீட்டு அம்மா உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். அப்படியான வேலை வந்தால் நம்பிக்கையான ஒரு கராஜைக் காட்டிவிட்டு, எஞ்சின் திரும்பி வந்ததும் டியூன் பண்ண நான் வருகிறேன் என்று சொல்லுங்கள். கராஜ்காரரும் சில்லறை வேலையை உங்களிடம் அனுப்புவார்.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. ஈ.பி.எப். காசில் வேன் வாங்காதீர்கள். இன்றைய வாகன விலைக்கு உங்கள் சேமிப்பில் பெரிய துண்டு ஒன்று போய்விடும், அந்த வேனுக்கு உழைப்பதே தொழிலாகிவிடும். கையில் இருக்கும் சின்னக் காரின் பின்சீற்றைக் கழற்றினாலே போதும், முச்சக்கர வண்டியில் சாமான் கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு: ஒரு நல்ல ட்ரொலி ஜாக், நான்கு ஜாக் ஸ்டாண்ட், தடித்த பலகைத் துண்டுகள், டைமிங் லைட், மல்டிமீட்டர், கொம்ப்ரஷன் கேஜ், கிரீஸ் கன், ஒரு தீயணைப்பான். கடைசியில் சொன்னதை எல்லோரும் பிறகு வாங்கலாம் என்று விடுவார்கள். பழைய வொக்ஸ்வாகனில் பெற்றோல் ஹோஸ் வெடித்துப் போயிருக்கும், சொட்டுவது சூடான எஞ்சினுக்கு மேலே. அதனால் முதல் நாளே வாங்குங்கள்.

கொழும்பில் திசை பார்த்து நாளைப் பிரியுங்கள். தெகிவளை, வெள்ளவத்தை, கல்கிசை ஒரு நாள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளை இன்னொரு நாள். காலையில் காலி வீதியால் கோட்டைப் பக்கம், மத்தியானம் நுகேகொடை, பின்னேரம் திரும்ப ஆமர் வீதி என்று ஒரே நாளில் ஓடினால் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம்தான் மிஞ்சும், ஸ்பாணரைப் பிடித்த நேரம் இருக்காது. வேலையை காலையில் முடித்துவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழை இடியோடுதான் வரும், மேயில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மழைக்கு நேரகாலமே இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டிவரும். ஆட்கள் ஞாயிறும் போயா நாளும்தான் வீட்டில் நிற்பார்கள், அன்று வரச்சொல்லித்தான் கேட்பார்கள். ஆனால் அந்த நாட்களில் வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பெரும்பாலான கடை பூட்டு, ஆகவே தேவையான சாமானை முதல் நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பதிவு பெரிய தலையிடி இல்லை. கடைப் பெயர் வைத்துச் செய்வதென்றால் உங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதியுங்கள், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். அந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, தொழில் காசை வீட்டுக் காசோடு கலக்காமல் வையுங்கள். வரிக் கணக்குப் பார்க்கும்போது நிலையான வைப்பில் வரும் வட்டியும் உங்கள் வருமானம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் இருந்து தனி ஆளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. வட்டியையும் திருத்த வேலையில் மிஞ்சுவதையும் கூட்டித்தான் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

இப்போது மகனுக்கு வருவோம். அவருக்குப் பயம் உங்கள் காசைப் பற்றியது இல்லை, உடம்பைப் பற்றியது. கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு கார், தனியாக எந்தக் காரின் கீழும் போகமாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி (வத்தளை வாசகர், ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவர்): போய்ப் பார்த்தால் ஒரு வயர் கழன்றிருக்கும், மாட்டியதும் கார் ஸ்டார்ட் ஆகும். "ஐந்து நிமிட வேலைதானே பாஸ்" என்று தேநீர் தந்து அனுப்பிவிடுகிறார்கள். நானும் வெட்கத்தில் காசு கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வத்தளையில் இருந்து பம்பலப்பிட்டிக்குப் போன பெற்றோல் யாருடையது?

தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிட வேண்டும்: வந்து பார்க்க இவ்வளவு, முதல் ஒரு மணித்தியாலம் அதற்குள் அடங்கும், அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு இவ்வளவு, சாமான் விலை பில்லோடு தனி. வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் பேரம், வருமுன் சொன்னால் விலை. விலையைக் கேட்டுவிட்டு மறுமுறை அழைக்காதவர், நீங்கள் போயிருந்தாலும் காசு தந்திருக்க மாட்டார். சாமானில் இலாபம் வைக்காதீர்கள், பில்லைக் கையில் கொடுத்துவிடுங்கள், கழற்றிய பழைய துண்டையும் காட்டுங்கள். சாமானில் வைக்கும் சில நூறு ரூபாவால் போகும் நம்பிக்கை திரும்ப வராது. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒரு வட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னால் கொழும்பு முழுக்கச் சொன்ன மாதிரி.

சொந்தக்காரருக்குச் சும்மா செய்வதானால் முழுதாகச் சும்மா செய்யுங்கள். பாதி விலை என்று ஒன்று வேண்டாம், வாங்கியவருக்கும் குறை, தந்தவருக்கும் குறை.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகி): அப்பாவின் மொரிஸ் மைனர் 1000, 2020இல் இருந்து ஓடவில்லை. அப்பா இப்போது இல்லை. காரை விற்க மனமில்லை, திரும்ப ஓடவைக்க விருப்பம். பக்கத்து வீட்டுத் தம்பி "என் காரில் இருந்து ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் பண்ணலாம் அக்கா" என்கிறார். பண்ணலாமா? வீட்டுக்கு வரும் மெக்கானிக்கிடம் என்ன சொல்லிச் செய்விக்க வேண்டும்?

பதில்: அம்மா, அந்தத் தம்பியை ஜம்ப் கேபிளோடு கிட்ட விடாதீர்கள்.

மொரிஸ் மைனரில் பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் இரும்புப் பொடியில் பூட்டியிருக்கும், இன்றைய கார்கள் எல்லாவற்றுக்கும் நேர் எதிர். கறுப்புக் கேபிளைப் பொடியில் மாட்டிப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும், அவ்வளவுதான், தீப்பொறி பறக்கும். அவருடையது ஹைப்ரிட் என்றால் இன்னும் மோசம், அதன் சின்னப் பற்றரி இன்னொரு காரை ஸ்டார்ட் பண்ண வைத்ததே இல்லை. இடையில் யாராவது புது ரேடியோவோ ஃபோன் சார்ஜரோ பூட்டுவதற்காக மைனஸ் பக்கத்தைப் பொடிக்கு மாற்றியும் இருக்கலாம், ஆகவே வரும் மெக்கானிக் முதலில் பற்றரிக் கேபிள் எந்தப் பக்கம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் புதுப் பற்றரி மாட்டப் போகிறவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஸ்டார்ட் பண்ணுவது இதில் கடைசி வேலை. ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் தொட்டியில் இருக்கும் பழைய பெற்றோலை முழுதாக வடிக்க வேண்டும். திறந்ததும் பெயின்ட் கடை மணம் வந்தால் அது பெற்றோலே இல்லை, பிசின். தொட்டிக்குள் துரு இருந்தால் கழுவாமல் மேலே போகாதீர்கள், அத்தனையும் பம்பிலும் காபரேட்டரிலும் போய்க் குந்தும். அடுத்தது பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றுகிறதா, நல்லது. சுற்றவில்லையா, ஸ்டார்டரால் பலாத்காரம் பண்ணக் கூடாது. அப்புறம் ஒயில் மாற்றி, ரேடியேற்றரில் தண்ணீர் விட்டு, கொயில் வயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றி, ஒயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் பெற்றோல். சாவியைத் திருப்பியதும் பொனட்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அது எஸ்.யூ. பெற்றோல் பம்ப். கொஞ்ச நேரத்தில் அடங்கினால் காபரேட்டர் நிரம்பிவிட்டது. அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் ஒழுகுகிறது. சத்தமே இல்லை என்றால் பம்பின் பொயின்ட் கறுத்திருக்கும், தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வரும்.

எஞ்சின் ஓடியதும் எல்லோரும் கைதட்டுவீர்கள், யாராவது ஒருவர் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்பார். போகக் கூடாது. இந்தக் காரில் பிரேக் ஒயிலுக்கு ஒரே ஒரு பாதைதான், ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் கால் வைக்கும் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கினால்தான் தெரியும், கண்ணில் படாததால் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. இத்தனை வருடம் நின்ற காரில் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முன்சக்கரம் ஒன்றுக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, ஆக ஆறு சிலிண்டர், அதோடு மாஸ்டர், அதோடு றப்பர் ஹோஸ். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், ஒன்று ஒன்றாக மாற்றினால் மெக்கானிக்குக்கு நல்லது, உங்களுக்கு இல்லை.

இன்னொன்று. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் ட்ரனியன் என்று புரி போட்ட ஒரு துண்டு இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் அது தேய்ந்தால் ஒருநாள் புரி விட்டுப்போய், சக்கரம் மடிந்து, காரின் மூக்கு ரோட்டில் குந்திவிடும். மெதுவாகத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் நடக்கும், அது ஒரு அதிர்ஷ்டம். சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆயிரம் மைலைத் தாண்டவிடாமல் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். ட்ரையம்ப் ஹெரல்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே பெயரில் ஒரு துண்டு உண்டு, அதற்கு கிரீஸ் இல்லை, கியர் ஒயில்.

அப்பாவின் காரை விற்காதது நல்ல முடிவு என்பது என் சொந்த அபிப்பிராயம். 1948இல் வந்த வண்டி, மினியைச் செய்த அதே அலெக் இசிகோனிஸ் வரைந்தது, இங்கிலாந்தில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் கார். சாமான் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருந்த மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையிலேயே இதன் பொடித் துண்டுகளை அடித்து அனுப்பினார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): தொடர்மாடியில் இருக்கிறேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு கீழே பார்க்கிங்கில் காரைத் திருத்தினால் நிர்வாகக் குழு சண்டைக்கு வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும், பார்க்கிங்கில் கறுப்பு ஒயில் கறை இருந்தால் நானும் வருவேன். டியூனிங், வயரிங் போன்ற காய்ந்த வேலைகளுக்கு முன்கூட்டியே கேட்டு, நேரம் சொல்லி, காருக்குக் கீழே அட்டையும் பழைய ரெக்சினும் விரித்துச் செய்யுங்கள். ஒயில் மாற்றுவது, பெற்றோல் தொட்டி, பிரேக் ஒயில் எல்லாம் அங்கே வேண்டாம், வளவுள்ள நண்பர் வீடு ஒன்றைப் பாருங்கள். மூடிய பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டு டியூன் பண்ணுவது புகையால் ஆபத்து, அதை எந்தக் குழுவும் அனுமதிக்கக் கூடாது. பழைய ஒயிலை கானில் ஊற்றுகிற மெக்கானிக்கை மறுபடி கூப்பிட வேண்டாம். கலனில் எடுத்துப்போய் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுப்பவர்தான் ஒழுங்கானவர்.

வெள்ளவத்தை என்பதால் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் நிற்கும் காரை உப்புக்காற்று கீழிருந்துதான் தின்னும். மேலே பொலிஷ் பண்ணுவதைக் குறைத்து, அடிப்பக்கத்தையும் கதவின் அடி ஓட்டைகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி (பொரளை வாசகர்): என் வொக்ஸ்வாகன் பீட்டில் காலையில் அருமையாக ஓடுகிறது. பின்னேர நெரிசலில் அரை மணித்தியாலம் நின்று நின்று போனால் நின்றுவிடும், ஆறினால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். மூன்று மெக்கானிக் மூன்று காரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வருபவர் முன்னால் கார் ஒழுங்காக ஓடிவிடுகிறது!

பதில்: வாசலுக்கு வரும் மெக்கானிக்குக்கு இது பெரிய சோதனை, வருத்தம் அவர் முன்னால் வராது. ஆகவே அவரை வரச்சொல்வதற்கு முன் அரை மணித்தியாலம் ஓடி, சூடான காரோடு காத்திருங்கள். நிற்கும் அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிளக்கில் நெருப்பு இருக்கிறதா இல்லையா. இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கொண்டென்சரை மாற்றிப் பாருங்கள், அடுத்தது கொயில். புதிதாகப் போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள், இன்று விற்கும் கொண்டென்சர்களில் தரமில்லாதவை அதிகம், சூடானதும் செத்துவிடும். ஓடிய பழைய பொஷ் கொண்டென்சர் ஒன்று கையில் இருந்தால் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருங்கள். நெருப்பு இருந்தும் ஓடவில்லை என்றால் பெற்றோல் பக்கம். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பாருங்கள், உடனே ஓடினால் பெற்றோல் சூட்டில் ஆவியாகி அடைக்கிறது.

ஆனால் ஏன் அவ்வளவு சூடு? அதைத்தான் மூவரும் கேட்டிருக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகரங்களையும் ஓரத்து றப்பரையும் "இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டிருப்பார்கள், இங்கே பாதி பீட்டிலுக்கு இந்தக் கதிதான். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை, காற்றுத்தான் உயிர். கீழே வெளியேறும் சூடான காற்றை மேலே விசிறி திரும்ப உறிஞ்சாமல் தடுப்பது அந்தத் தகரமும் றப்பரும்தான். இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டப்பெட்டை முழுதாகக் குளிர்ந்த எஞ்சினில்தான் வைக்க வேண்டும், காலையில் ஒரு தரமும் ஓட்டாமல் மெக்கானிக்குக்குக் காத்திருங்கள். ஆக, இவர் இரண்டு தடவை வரவேண்டிவரும், ஒரு தடவை சூட்டில், ஒரு தடவை குளிரில். இரண்டுக்கும் காசு கொடுங்கள். பெல்ட் அறுந்தால் விசிறியும் நிற்கும் என்பதால் சிவப்பு விளக்கு வந்ததும் ஓரமாக நிறுத்துங்கள், வீடு பக்கம்தானே என்று ஓடாதீர்கள்.

கேள்வி (மட்டக்குளி வாசகி): கணவருக்கு 67 வயது. ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய் கார் திருத்துகிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார், காசும் வருகிறது. எனக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது. என்ன சொல்லிவைக்கலாம்?

பதில்: தொழிலை விடச் சொல்லாதீர்கள், கேட்கமாட்டார். இதைச் சொல்லுங்கள்.

ஜாக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழே தலையோ கையோ போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, காரைத் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் போகலாம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்டாண்ட் இல்லை, பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும். வீட்டுக்காரர் யாராவது கூப்பிடு தூரத்தில் நிற்காவிட்டால் கீழே போகும் வேலையை அன்று செய்யக் கூடாது. பழைய பிரேக் டிரம்மைத் திறந்தால் வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ கூடாது, அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். பெற்றோலில் கை கழுவும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கும். நிறுத்தச் சொல்லுங்கள்.

போகும் வீட்டின் விலாசத்தையும் வரும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள். திருத்திய காரை ரோட்டில் ஓட்டிப் பார்க்குமுன் கண்ணாடியில் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நாள் முடியாமல் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். நின்றுபோன காருக்கு இரண்டும் இருக்காது. அப்படியானால் வளவுக்குள் மட்டும்தான்.

இனிச் சின்னக் கேள்விகள்.

ஈயம் இல்லாத பெற்றோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா? 92 ஒக்டேன் போதுமா? (கிருலப்பனை)
ஈயம் கலந்த பெற்றோலை இங்கே 2002இல் நிறுத்திவிட்டார்கள், அன்றிலிருந்து உங்கள் கார் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. எக்ஸ்ஹோஸ்ட் வால்வின் டப்பெட் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு இருக்கை தேய்கிறது என்று அர்த்தம், அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடினமான இருக்கை போட்டுக்கொள்ளலாம். அதற்காக மட்டும் கழற்ற வேண்டாம். 92இலேயே ஓடுங்கள், ஏற்றத்தில் தட்டும் சத்தம் வந்தால் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், அதுவும் சரிவராவிட்டால் 95.

பஞ்சிகாவத்தையா, வெளிநாட்டில் இருந்து தருவிப்பதா? (மருதானை)
பக்கத்திலேயே இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! பெயரிங், ஒயில் சீல், பெல்ட், ஹோஸ் போன்றவற்றுக்குப் பழைய துண்டைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து அங்கேயே வாங்குங்கள். பிரேக் றப்பரும் மாஸ்டர் கிட்டும் மட்டும் நல்ல இடத்தில் இருந்து புதிதாக வரட்டும், கடையில் வருடக்கணக்காகக் கிடந்த றப்பர் பெட்டிக்குள்ளேயே காய்ந்திருக்கும். பீட்டிலை மெக்சிகோவில் 2003 வரை செய்தார்கள், ஆகவே அதன் சாமானுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

பழைய கார் வேலைக்கு எந்த ஸ்பாணர் செட் வாங்குவது? (தெமட்டகொடை)
பீட்டிலுக்கும் பியூஜோவுக்கும் மில்லிமீற்றர். மொரிஸ் 1000, பிந்திய ஒஸ்டின்களுக்கு அங்குல அளவு ஏ.எஃப். செட். அதற்கு முந்திய ஆங்கிலக் கார்களுக்கு விட்வேர்த் என்ற பழைய ஆங்கில அளவு. இதில் ஒரு வேடிக்கை, எம்.ஜி. டீ.சி. என்ற பழைய காரின் எஞ்சினில் போல்டின் தலை விட்வேர்த், புரி மில்லிமீற்றர். ஸ்பாணர் பொருந்துகிறதே என்று கடையில் விட்வேர்த் நட்டை வாங்கி முறுக்கினால் புரி போய்விடும். அந்தக் காரில் கழற்றிய நட்டை அதே போல்டில் உடனே மாட்டி வையுங்கள். அஜஸ்டபிள் ஸ்பாணரைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம், இருந்தால் கை அதைத்தான் தேடும்.